ஒரு பட்டாணிச் செடியும் மூன்று நிமிடப் படமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் மாதங்களில் நம்மவர் வீடுகளில் வழக்கமாக நடக்கும் விவாதம், இன்ஜினியரிங்கா, சி.ஏ.வா என்பதுதான். இப்போது சில வீடுகளில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்கிறது. "நான் சினிமா படிக்கப் போகிறேன்" என்று மகனோ மகளோ சொல்லிவிடுகிறார்கள். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. பாட்டிக்கோ, சினிமாவைப் பார்த்தால் போதாதா, போய்ப் படிக்கவும் வேண்டுமா என்று சந்தேகம். ஒருவழியாக வீடு சமாதானமாகி, விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்த்தால், சில பள்ளிகளின் படிவத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நீங்களே எடுத்த குறும்படம் ஒன்றை அனுப்ப வேண்டும்.

படம் எடுக்கக் கற்றுக்கொள்ளத்தானே பள்ளிக்கூடம், சேருவதற்கு முன்பே படம் எடுத்துக் காட்டு என்றால் எப்படி என்று பெற்றோர் கேட்பது நியாயமே. லட்ச ரூபாய் கேமரா வேண்டுமோ, தெரிந்தவர் யாராவது கோடம்பாக்கத்தில் இருக்க வேண்டுமோ என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரனுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். படம் எடுப்பதில் பாதி, வெளிச்சம், சத்தம், மின்சாரம், நேரக் கணக்கு ஆகியவைதான். அந்தப் பாதியைப் பற்றியாவது பேச எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

தாதரில் முளைத்த விதை

சினிமா இந்தியாவுக்குக் குறும்படமாகத்தான் வந்தது. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, பம்பாய் காலா கோடா பகுதியிலிருந்த வாட்சன் ஓட்டலில் பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. மொத்தம் ஆறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவற்றுள் ஒன்று, ரயில் வண்டி நிலையத்துக்குள் வந்து நிற்கும் காட்சி. கதை இல்லை, வசனம் இல்லை. வண்டி வருகிறது, நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். உலகம் இன்றுவரை அந்தப் படத்தை மறக்கவில்லை.

அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, நம் மாட்டுங்காவுக்கு அடுத்த நிலையமான தாதரில் நடந்தது இன்னும் முக்கியமானது. தாதாசாகேப் பால்கே தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்து 1912இல் லண்டன் போய், ஒரு வில்லியம்சன் கேமராவும், பிலிமில் துளையிடும் கருவியும் வாங்கித் திரும்பினார். கையில் கேமரா இருந்தது. ஆனால் முழுநீளப் படம் எடுக்கப் பணம் இல்லை. பணம் தரக்கூடியவர்களுக்கு, இந்த மனிதருக்கு உண்மையிலேயே படம் எடுக்கத் தெரியுமா என்ற ஐயம் இருந்தது. வாயால் சொல்லி அதைத் தீர்க்க முடியாது என்று பால்கேவுக்குத் தெரியும்.

அவர் ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே கேமராவை அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியபோது, விதை முளைத்து, இலை விட்டு, கொடியாகப் படர்வது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் திரையில் தெரிந்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். கடன் கிடைத்தது. 'ராஜா ஹரிச்சந்திரா' பிறந்தது. 1913ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி அது கிர்காவ் கொரொனேஷன் தியேட்டரில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. அந்தக் காலத்து மௌனப் படம் வினாடிக்குச் சுமார் 16 பிரேம் என்ற வேகத்தில் ஓடியது. ஒரு நிமிடம் ஓட 960 பிரேம் வேண்டும். முப்பது நாளில் அதை எடுக்க, நாளொன்றுக்கு 32 ஆகிறது. காலை முதல் மாலை வரை தொட்டி நகரக் கூடாது, கேமரா நகரக் கூடாது, வெளிச்சம் அதிகம் மாறக் கூடாது. பிலிமைத் துளையிடவும் கழுவவும் கற்றுக்கொண்டு உடன் உழைத்தவர் அவருடைய மனைவி சரஸ்வதிபாய். அந்தப் பொறுமையைத்தான் கடன் கொடுத்தவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டார்கள்.

திரைப்படப் பள்ளிக்கு அனுப்பும் குறும்படம் என்று இன்று நாம் சொல்வதற்கும் அந்தப் பட்டாணிச் செடிக்கும் வேறுபாடே இல்லை. நம்பிக்கை இல்லாதவர் முன் வைக்கும் சான்று அது. பெரிய கதை சொல்லி அவர் கடன் கேட்கவில்லை. ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு, அதை முழுமையாகப் பார்த்து, தொடங்கியதை முடித்துக் காட்டினார். நம் பிள்ளைகள் இதைத்தான் செய்ய வேண்டும்.

பள்ளிகள் கேட்பது என்ன?

எல்லாப் பள்ளிகளும் குறும்படம் கேட்பதில்லை. புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிலையம், பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் மத்திய அரசால் 1960இல் தொடங்கப்பட்டது. அங்கே முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு நேர்முகம் என்பதே முறை. சத்யஜித் ராய் பெயரில் 1995இல் கல்கத்தாவில் தொடங்கிய நிலையமும் மத்திய அரசுடையதுதான். தமிழக அரசுக்குச் சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான நிலையம் இருக்கிறது. நம் ஊரில் கோரேகாவ் பிலிம் சிட்டிக்குள் 2006இல் தொடங்கிய தனியார் பள்ளி உண்டு. ஐரோப்பா, அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் சில நிமிடக் குறும்படமோ அதற்கு ஈடான படைப்போ விண்ணப்பத்தோடு செல்ல வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. எத்தனை நிமிடம் என்று சொல்லியிருந்தால் அதற்கு மேல் ஒரு வினாடி கூடப் போகக் கூடாது.

படம் கேட்காத பள்ளிக்கும் படம் எடுத்துவிட்டுப் போவது நல்லது என்பேன். நேர்முகத்தில் அமர்ந்திருப்பவர்கள், உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நீ எடுத்த மூன்று நிமிடத்தில் எது கடினமாக இருந்தது என்று கேட்டால், எடுத்தவனுக்கு மட்டுமே பதில் தெரியும்.

இதற்கு நம்மவரிலேயே ஒரு சான்று இருக்கிறது. மட்டக்களப்புக்கு அருகில் அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, இலங்கையில் நடந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்துச் சினிமா ஆசை கொண்டவர். 1966இல் புனே நிலையத்தில் சேர்ந்தார். மற்றப் பிரிவுகளில் இடம் கிடைக்காததால் ஒளிப்பதிவுப் பிரிவில் சேர்ந்தார். படிப்பு முடிவில் அவர் எடுத்த 'வியூ ஃப்ரம் தி ஃபோர்ட்' என்ற பட்டயப் படத்தைப் பார்த்து, 'செம்மீன்' இயக்குநர் ராமு காரியாட் அவரை 'நெல்லு' படத்துக்கு ஒளிப்பதிவாளராக அழைத்துக்கொண்டார். 1974இல் வெளிவந்த அந்தப் படம் அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுத் தந்தது.

சிபாரிசுக் கடிதம் செய்யாததை ஒரு குறும்படம் செய்தது. கேட்ட பிரிவில் இடம் கிடைக்காதவர்தான் பின்னாளில் 'மூன்றாம் பிறை'யையும் 'வீடு' படத்தையும் எடுத்தார். 2007இல் சென்னையில் 'சினிமா பட்டறை' என்ற பெயரில் தாமே ஒரு பள்ளியையும் தொடங்கினார். தமக்கு வேண்டிய கதவு திறக்காவிட்டாலும் திறந்த கதவின் வழியே போனவர் அவர். நம் பிள்ளைகளும் இயக்குநர் பிரிவை மட்டுமே குறிவைக்காமல் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கலாம்.

எதைப் படமாக்குவது?

பிள்ளைகள் திணறுவது இங்கேதான். பெரும்பாலும் துப்பாக்கி, பேய், காதல் தோல்வி, தற்கொலை என்று போய்விடுகிறார்கள். திரையில் பார்த்ததைத் திரையில் திருப்பித் தருகிறார்கள். தேர்வாளர்கள் இத்தகைய படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார்கள். அவர்கள் பார்த்திராதது உங்கள் சந்து.

தாராவியை எடுத்துக்கொள்வோம். நம் சினிமா தாராவியை விட்டதே இல்லை. ஆனால் 'நாயகன்' (1987) படத்தின் தாராவி, தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் அமைத்த அரங்கம். 'காலா' (2018) படத்துக்கும் பூந்தமல்லிக்கு அருகில் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் தாராவி எழுப்பப்பட்டது. இரண்டும் சிறந்த வேலைப்பாடுகள், அதில் ஐயமில்லை. ஆயினும் சயானுக்கும் மாகிமுக்கும் நடுவே அசல் தாராவி இருக்க, நம்மில் பலர் திரையில் பார்த்து உருகியது ஒட்டுப்பலகைத் தாராவியைத்தான். ஆஸ்கர் பெற்ற 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008) இங்கேயே வந்து படம் பிடித்தது. பார்த்த கண் வெளியூர்க் கண்.

வேறு விதமாகப் பார்த்தவர்களும் உண்டு. செம்பூருக்கு அடுத்த தேவ்னாரிலுள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தில் ஆசிரியர்களாக இருந்த அஞ்சலி மொன்டேரோ, கே.பி. ஜெயசங்கர் இருவரும் 2003இல் 'நாதா' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். உறவு என்று பொருள். தாராவியில் மத நல்லிணக்கத்துக்காக உழைத்த பாவ் கோர்டே, வக்கார் கான் என்ற இரு நண்பர்களைப் பற்றிய படம். 1992-93 கலவரத்தை நேரில் கண்டவர்களுக்கு அந்த நட்பின் மதிப்பு தெரியும். அடிதடியையும் கடத்தலையும் விட்டுவிட்டு, இரண்டு மனிதர்களின் நட்பைப் பார்த்தால் தாராவி எவ்வளவு மாறித் தெரிகிறது என்பதற்கு அந்தப் படம் உதாரணம்.

அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். விடிவதற்கு முன் கிரைண்டர் ஓடத் தொடங்கும். இட்லி வேகும். ஏழு மணிக்குள் பாத்திரங்கள் நிரம்பி, சைக்கிள்கள் மும்பையின் நான்கு திசைக்கும் கிளம்பிவிடும். அந்த வீட்டில் ஆவி எந்த ஜன்னல் வழியாகப் போகும், மாவு அளக்கும் கை எந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும் என்பது வெளியிலிருந்து வரும் கேமராக்காரருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

மாட்டுங்காவில் பூக்கட்டும் விரல்கள் இருக்கின்றன. வாழையிலைக் கட்டு வந்து இறங்கும் அதிகாலை இருக்கிறது. அரோரா தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்த தலைமுறை இன்னும் கதை சொல்லும் நிலையில் இருக்கிறது. செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர் முதல் நாள் இரவு என்ன செய்கிறார் என்பது ஒரு படம். கும்பார்வாடாவில் சக்கரம் சுற்றும் குஜராத்திக் குயவரும் அடுத்த சந்திலுள்ள நம்மவரும் எந்த மொழியில் விலை பேசுகிறார்கள் என்பது இன்னொரு படம்.

இதில் அவசரமும் உண்டு. செம்பூரில் ராஜ் கபூர் 1948இல் கட்டிய ஆர்.கே. ஸ்டுடியோ, 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. 2019இல் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எத்தனையோ படங்கள் பிறந்த இடமே அப்படிப் போயிற்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2023இல் அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. திட்டம் நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் தாத்தா ஊரிலிருந்து வந்து கட்டிய அறையும், மாடிக்குப் போகும் இரும்பு ஏணியும், பொதுக் குழாயடியும் நாளை அதே இடத்தில் இருக்கப் போவதில்லை. இன்று ஒரு பிள்ளை எடுக்கும் மூன்று நிமிடப் படம், கல்லூரியில் இடம் வாங்கித் தராவிட்டாலும், அந்தக் குடும்பத்துக்குப் பத்திரம் போல் நிலைத்து நிற்கும்.

சின்னப் பொருளை நம்புவது எப்படி என்பதற்கு ஓர் அயல்நாட்டு உதாரணமும் சொல்கிறேன். போலந்து நாட்டு இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி உலகப் புகழ் பெற்றவர். லோட்ஸ் நகரத் திரைப்படப் பள்ளி அவரை இரண்டு முறை நிராகரித்தது. மூன்றாம் முறைதான் இடம் கிடைத்தது. மாணவராக இருந்தபோது 1966இல் அவர் எடுத்த 'அலுவலகம்' என்ற படம் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. ஓய்வூதிய அலுவலக ஜன்னல். வெளியே வரிசையில் முதியவர்கள். உள்ளே குமாஸ்தா. இந்தத் தாள் இல்லை, அந்த முத்திரை இல்லை என்ற பதில்கள். வேறொன்றும் கிடையாது. ஓய்வூதியத்துக்காக ஒரு நாளாவது வரிசையில் நின்றவர்கள் அந்தப் படத்தை மொழி தெரியாமலே புரிந்துகொள்வார்கள்.

செய்முறை

கருவியைப் பற்றி: வீட்டிலிருக்கும் செல்போன் போதும். செலவு செய்ய வேண்டுமானால் முக்காலிக்கும் ஒரு சிறிய மைக்குக்கும் செய்யுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள். பேச்சு காதில் விழாவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மின்சாரத்தைப் பற்றி: டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. எனவே அத்தகைய விளக்கு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. செல்போன்கள் பெரும்பாலும் வினாடிக்கு 30 பிரேம் என்று அமைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப் போவதில்லை. கேமராவை 25 பிரேமுக்கும், ஷட்டரை ஐம்பதில் ஒரு வினாடிக்கும் மாற்றி வையுங்கள். பட்டைகள் மறைந்துவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி: நம் சந்துகளில் நேர் வெயில் விழும் நேரம் குறைவு. படம் எடுக்கும் முன் ஒரு நாள் முழுவதும் அந்த இடத்தில் இருந்து, எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் வெளிச்சம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகம் இருட்டாக இருந்தால் எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையையோ வெளுத்த வேட்டியையோ பிடித்தால் போதும்.

ஒலியைப் பற்றி: இரண்டாவது செல்போன் ஒன்றைப் பேசுபவரின் சட்டைப் பையில் வைத்து ஒலியைத் தனியே பதியுங்கள். தொடங்கும்போது கேமரா முன் ஒரு முறை கை தட்டுங்கள். படத்தில் கை சேரும் பிரேமும் ஒலியில் வெடிக்கும் இடமும் ஒன்று. பிறகு இரண்டையும் அங்கே பொருத்திக்கொள்ளலாம். படப்பிடிப்பில் அட்டை தட்டுவதன் தத்துவமே இதுதான். படத்துக்குப் பின்னால் இளையராஜா பாடலை ஒட்டிவிடாதீர்கள். உரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, இளையராஜாவின் திறமையைத் தேர்வாளர்கள் முன்பே அறிவார்கள்.

திட்டத்தைப் பற்றி: ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கைச் சபிக்காத மும்பைவாசி இல்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்குள் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் சரிசெய்து வண்டியை விட வேண்டும் என்றால், எந்த ஆள் எங்கே நிற்பார், எந்தச் சாமான் எப்போது வரும் என்பதெல்லாம் முன்பே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். படப்பிடிப்பும் அப்படித்தான். மூன்று நிமிடப் படத்துக்கு முப்பது காட்சித் துண்டுகள் போதும். அவற்றை வரிசை எண் போட்டு எழுதுங்கள். எழுதாமல் போனால் நானூறு துண்டுகளோடு திரும்பி வருவீர்கள். தொகுக்க உட்கார்ந்தால் வேண்டிய ஒன்று மட்டும் இருக்காது. எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.

ரயிலைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மும்பையில் படம் எடுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் லோக்கல் ரயில் வேண்டும். முன்பு இங்கே மேல் கம்பியில் 1500 வோல்ட் ஓடியது. இப்போது ஹார்பர் லைன் உட்பட எங்கும் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே தாவிப் பிடிக்கும். நடைமேம்பாலத்திலிருந்து குச்சியில் செல்போனை மாட்டி நீட்டுவது உயிரோடு விளையாடுவது. தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றமும் ஆகும். நிலையத்துக்குள் படப்பிடிப்பு நடத்த, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்றால் மத்திய ரயில்வேயிடமும், மாட்டுங்கா ரோடு என்றால் மேற்கு ரயில்வேயிடமும் முன் அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் வண்டியின் சத்தம் மட்டும் போதும். மாட்டுங்கா வீடுகளில் சுவர்க்கடிகாரம் பார்க்காமலே வண்டிச் சத்தத்தில் நேரம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் படமெடுத்தாலே ரயில் வந்துவிடும்.

மனிதர்களிடம் பெற வேண்டிய அனுமதி இன்னும் பெரிது. கீஸ்லோவ்ஸ்கி 1980இல் வார்சா ரயில் நிலையத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தபோது, இரவில் எடுத்த படச்சுருள்களைப் போலீஸார் வந்து எடுத்துச் சென்றார்கள். ஒரு கொலை வழக்கில் தேடப்பட்ட பெண் அதில் பதிவாகியிருப்பாளோ என்று பார்த்தார்கள். அவள் அதில் இல்லை. ஆனால் தம் கேமரா தம்மை அறியாமலே ஒருவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கலாம் என்ற எண்ணம் அவரை ஆவணப்படத்தை விட்டே விலகச் செய்தது. கடன்காரரிடமிருந்து ஒளிந்திருப்பவரும், சொந்த ஊரில் வேலையை மறைத்தவரும் நம் சந்துகளிலும் இருப்பார்கள். எடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுத்த பின் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தத் துண்டை நீக்கிவிடுங்கள்.

எந்த மொழியில்?

நம் பிள்ளைகள் பாட்டியிடம் தமிழும், தெருவில் மும்பை இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் பேசுகிறார்கள். தமிழ் பேசத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அநேகம். ஆகவே படத்தை ஆங்கிலத்தில் எடுத்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. புனே நிலையத்தில் படித்த பாயல் கபாடியா, மும்பையில் வேலை பார்க்கும் கேரளச் செவிலியர்களைப் பற்றி எடுத்த 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' என்ற படம் 2024இல் கான் திரைப்பட விழாவின் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரியைப் பெற்றது. அந்தப் படத்தில் அவர்கள் பெரும்பாலும் மலையாளத்திலேயே பேசுகிறார்கள். மும்பையில் குடியேறியவர் தம் தாய்மொழியில் பேசியதை உலகம் உட்கார்ந்து கேட்டது.

பாட்டி திருநெல்வேலித் தமிழில் பேசினால் அப்படியே பேசட்டும். "ஏலே" என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டால் தேர்வாளருக்குப் புரியும். அந்தப் பேச்சை மொழிபெயர்த்து எழுத உட்காரும் பேரன், பாட்டியின் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்க வேண்டியிருக்கும். பத்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர மறுத்த பிள்ளைக்கு இது நல்ல பாடமாகவும் அமையலாம்.

பெற்றோருக்கும் சங்கத்துக்கும்

பெற்றோர் செய்யக்கூடியது மூன்று. படம் எடுக்கும் இரண்டு நாள் வீட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நடிக்கச் சொன்னால் நடிக்காமல் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். முதல் முறை இடம் கிடைக்காவிட்டால், அன்றைக்கே பழைய விவாதத்தைக் கிளப்பாதீர்கள். சேராமல் போனாலும் தொடங்கிய ஒன்றை முடித்த பழக்கம் எந்தத் தொழிலுக்கும் உதவும். அதே சமயம் கட்டணம், தங்கும் செலவு, படிப்பு முடிந்தபின் வேலை கிடைக்க ஆகும் ஆண்டுகள் இவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள். அரசு நிலையங்களை முதலில் முயல்வது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பொருத்தமானது.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. விண்ணப்பம் அனுப்பும் முன் பிள்ளைகள் தங்கள் படங்களைச் சங்க அரங்கில் திரையிட ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். பார்க்க வருபவர்கள் அறிவுரை சொல்ல வேண்டாம். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் சீட்டில் பதில் எழுதிக் கொடுக்கட்டும்: படத்தில் என்ன பார்த்தீர்கள்? எந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்? இந்த இரண்டையும் படித்தாலே எங்கே வெட்ட வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு மாலை அமைந்தால், தாராவியின் இட்லிச் சட்டியையும் மாட்டுங்காவின் பூக்கூடையையும் செம்பூரின் காவடியையும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணால் பார்க்க முதல் வரிசையில் வந்து உட்கார நான் தயார். வாசகர்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.